கௌரியும் கெளரியும்: நம்ம நில ஆவணம் பழைய கணினியிலிருந்து பெரிய சர்வருக்குப் போன பாதை

போனை எடுத்து, மாவட்டம் அரியலூர், வட்டம் ஆண்டிமடம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் என்று வரிசையாகத் தேர்வு செய்கிறீர்கள். ஓடிபி வருகிறது. அதைப் போட்டதும் பட்டா திரையில் வந்து நிற்கிறது. டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடுகிறது. இதே தாளுக்காக நம்ம தாத்தா காலத்தில் பஸ் பிடித்து, தாலுகா அலுவலக வராண்டாவில் காத்திருந்த கதை எல்லார் வீட்டிலும் உண்டு.

இப்ப ஒரு சின்ன கற்பனை. முந்திரித் தோப்பு வைத்திருக்கும் ஒரு பெண், பெயர் கௌரி. கூட்டுறவுக் கடனுக்காகப் பட்டா நகல் எடுக்கிறார். பட்டாவில் பெயர் சரியாக இருக்கிறது. ஆதாரிலும் அதே பெயர்தான். ஆனால் கணினி மட்டும் "பொருந்தவில்லை" என்கிறது. அவரும் பார்க்கிறார், கவுன்டரில் இருப்பவரும் பார்க்கிறார். இரண்டும் ஒரே மாதிரிதான் தெரிகிறது. பிறகு ஏன் பொருந்தவில்லை?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும் என்றால், அலுவலக மேஜைக் கணினியில் இருந்த தகவல்கள் எப்படி ஒரு பெரிய தரவுத்தளத்துக்கு இடம் மாறுகின்றன என்று தெரிந்திருக்க வேண்டும். கேட்க டெக்னிக்கலா இருக்கும். ஆனால் நம்ம நிலம், நம்ம பெயர் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கலாம்.

மேஜைக் கணினித் தரவுத்தளம் என்றால் என்ன?

1980-களிலும் 90-களிலும் அலுவலகங்களுக்குக் கணினி வந்தபோது, தகவல்களைச் சேமிக்க டிபேஸ், ஃபாக்ஸ்புரோ போன்ற மென்பொருள்கள் இருந்தன. 1992-இல் மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் வந்தது. கூடவே எக்ஸெல். இவை எல்லாமே ஒரு மேஜையில் இருக்கும் ஒரு கணினிக்காக, அதிகம் போனால் ஒரு அறையில் இருக்கும் நாலைந்து பேருக்காக உருவானவை. மொத்தப் பதிவும் ஒரு கோப்பில் இருக்கும். அந்தக் கோப்பை பென்டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு போய்விடலாம்.

இவற்றைக் குறைத்துச் சொல்ல வேண்டியதில்லை. கட்டுக் கட்டாகப் பேரேடுகள் இருந்த இடத்தில், பெயரைத் தட்டினால் பதிவு வரும் என்ற நிலையைக் கொண்டுவந்தது இவைதான். ஆனால் வேலை பெருகும்போது சில எல்லைகள் இடிக்கும்:

• ஆக்சஸ் கோப்பு ஒன்று 2 ஜிபி அளவைத் தாண்ட முடியாது. ஒரே சமயத்தில் 255 பேருக்கு மேல் திறக்க முடியாது. நடைமுறையில் இருபது முப்பது பேர் சேர்ந்து எழுதத் தொடங்கினாலே அது திணறும்.
• பழைய எக்ஸ்எல்எஸ் வகை எக்ஸெல் தாளில் 65,536 வரிசைகள்தான். புதிய வகையில் 10,48,576.
• ஒரு பதிவை யார், எப்போது, எதிலிருந்து எதற்கு மாற்றினார்கள் என்ற தடம் தானாகப் பதிவாகாது.
• அந்தக் கணினியின் ஹார்டு டிஸ்க் போனால், கடைசியாக எடுத்த பேக்கப் வரைதான் மிச்சம்.

எல்லையை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு உலகமே பார்த்த ஓர் உதாரணம் இருக்கிறது. 2020 அக்டோபரில் இங்கிலாந்தில் 15,841 கொரோனா தொற்றாளர்களின் விவரம் அன்றாடக் கணக்கில் வராமல் விடுபட்டது தெரியவந்தது. ஆய்வகங்கள் அனுப்பிய தகவலைப் பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பில் ஏற்றியிருந்தார்கள். வரிசை நிரம்பியதும் மீதி விவரம் உள்ளே போகவே இல்லை. அந்தத் தொற்றாளர்களுடன் பழகியவர்களைத் தேடும் வேலையும் அதனால் தாமதமானது. மென்பொருள் பழுதாகவில்லை. அது தாங்கும் அளவுக்கு மேல் வேலை கொடுத்ததுதான் பிரச்சினை.

பெரிய தரவுத்தளம் எப்படி வேறுபடுகிறது?

1970-இல் ஐபிஎம் நிறுவனத்தில் இருந்த எட்கர் காட் என்ற கணினி அறிவியலாளர் ஒரு கட்டுரை எழுதினார். தகவல்களை அட்டவணைகளாகப் பிரித்து வைப்போம், ஓர் அட்டவணையை இன்னொன்றுடன் பொதுவான ஓர் எண்ணால் இணைப்போம் என்பதுதான் அதன் சாரம். இதையே உறவுமுறைத் தரவுத்தளம் என்கிறோம். ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர், போஸ்ட்கிரெஸ்க்யூஎல் எல்லாம் இந்த வழியில் வந்தவை. இவை ஒரு மேஜையில் இருப்பதில்லை. தரவு மையத்தில் இருக்கும் சர்வரில் இயங்கும். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கேட்கலாம்.

இந்த இணைப்பு எண் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். பட்டா பார்க்கும்போது மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் என்று ஐந்து விவரம் கொடுக்கிறீர்கள் இல்லையா? இந்த ஐந்தும் சேர்ந்தால் தமிழ்நாட்டில் ஒரே ஒரு கிராம நிலத்துண்டைத்தான் குறிக்கும். ஒரு பதிவை இப்படித் தனித்து அடையாளம் காட்டுவதை முதன்மைத் திறவுகோல் என்பார்கள். "புல எண் 125" என்று மட்டும் சொன்னால் போதாது, ஏனென்றால் எல்லா ஊரிலும் ஒரு 125 இருக்கும்.

இன்னொரு முக்கியமான குணம்: "முழுசா நடக்கணும், இல்லைன்னா நடக்கவே கூடாது." ஒருவர் தன் நிலத்தில் பாதியை விற்கிறார் என்று வையுங்கள். விற்றவர் கணக்கில் குறைய வேண்டும், வாங்கியவர் கணக்கில் ஏற வேண்டும். முதல் வேலை முடிந்ததும் கரண்ட் போய்விட்டால்? மேஜைக் கணினிக் கோப்பில் விற்றவருக்குக் குறைந்து, வாங்கியவருக்கு ஏறாமல் நின்றுவிடும் ஆபத்து உண்டு. பெரிய தரவுத்தளம் இரண்டையும் ஒரே பரிவர்த்தனையாக எடுத்துக்கொள்ளும். நடுவில் தடை வந்தால் முதல் மாற்றத்தையும் ரத்து செய்து, பழைய நிலைக்கே கொண்டுபோய்விடும்.

நம்ம மாநிலத்தில் இந்தப் பாதை

பத்திரப்பதிவுத் துறையில் 2000-ஆம் ஆண்டில் ஸ்டார் திட்டம் மூலம் சார்பதிவாளர் அலுவலகங்களுக்குக் கணினிப் பதிவு வந்தது. 2018 பிப்ரவரியில் ஸ்டார் 2.0 வந்தபோது மாநிலம் முழுவதும் இணையவழிக்கு மாறியது. வருவாய்த் துறையில், தாலுகா அளவில் கணினிக்கு வந்த சிட்டா, அ-பதிவேடு விவரங்கள் பிறகு தமிழ்நிலம் என்ற இணையவழி அமைப்புக்கு வந்தன. இன்று ஒரு பத்திரம் பதிவானால் அந்தத் தகவல் தமிழ்நிலத்துக்கும் போகிறது. உட்பிரிவு செய்யத் தேவையில்லாத நிலம் என்றால் பட்டா மாறுதல் எளிதாக நடக்கிறது. இரண்டு துறையின் தரவும் ஒன்றோடு ஒன்று பேசுவதால்தான் இது முடிகிறது.

அரியலூர்க்காரர்களுக்கு இதில் ஒரு தனிப் பாடம் உண்டு. 1995-இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001-இல் பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது. 2002-இல் மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்தது. 2007 நவம்பர் 23 அன்று மீண்டும் தனி மாவட்டமானது. அதனால் உடையார்பாளையம் பக்கம் ஒரே வீட்டுப் பெட்டியில் "திருச்சி மாவட்டம்", "பெரம்பலூர் மாவட்டம்", "அரியலூர் மாவட்டம்" என்று மூன்று விதமான தாள்கள் இருக்கலாம். நிலம் இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது.

இதை எக்ஸெலில் வைத்திருந்தால் ஒவ்வொரு வரியிலும் மாவட்டப் பெயர் எழுதியிருக்கும். மாவட்டம் மாறும்போது ஆயிரக்கணக்கான வரியைத் திருத்த வேண்டும். அதில் பத்து வரி விட்டுப்போனாலும் அந்தப் பத்துப் பேரின் நிலம் தேடலில் கிடைக்காது. உறவுமுறைத் தரவுத்தளத்தில் கிராமங்களுக்கு ஒரு தனி அட்டவணை இருக்கும். நிலப்பதிவு கிராமக் குறியீட்டை மட்டும் வைத்திருக்கும். கிராமம் எந்த வட்டம், எந்த மாவட்டம் என்பதை அந்த ஓர் இடத்தில் மாற்றினால், அந்த ஊரின் எல்லாப் பதிவும் தானாக மாறிவிடும். ஒரு தகவலை ஒரே இடத்தில் வைப்பது என்பதன் பலன் இதுதான்.

இடம் மாற்றும்போது எங்கே தவறு வரும்?

வீடு மாறும்போது சாமான் ஏற்றுவதில்தான் பாத்திரம் நசுங்கும். தரவும் அப்படித்தான். நான்கு இடங்களில் கவனம் தேவை.

1. உட்பிரிவு எண் தேதியாகிவிடும். எக்ஸெலில் 12/3 என்று அடித்துப் பாருங்கள். அது உங்கள் புல எண்ணைத் தேதி என்று நினைத்து, மார்ச் 12 என்றோ டிசம்பர் 3 என்றோ மாற்றிவிடும். இந்தக் கோப்பை அப்படியே சர்வரில் ஏற்றினால் புல எண்ணே காணாமல் போகும். அந்தக் கட்டங்களை முதலிலேயே "எழுத்து" வகை என்று அமைத்துவிட வேண்டும். வங்கிக் கணக்கு எண்ணுக்கும் இதே எச்சரிக்கை. முன்னால் உள்ள பூஜ்யத்தை எக்ஸெல் விழுங்கிவிடும். 15 இலக்கத்துக்கு மேல் போனால் மீதியைப் பூஜ்யமாக்கிவிடும்.

2. பரப்பளவு பெருகிவிடும். பட்டாவில் பரப்பு ஹெக்டேர் - ஏர் என்று இரண்டு பகுதியாக இருக்கும். 100 ஏர் சேர்ந்தது 1 ஹெக்டேர். ஒரு ஏர் என்பது சுமார் 2.47 சென்ட். இப்ப 0 - 4.50 என்ற பதிவை எடுத்துக்கொள்வோம். அதாவது நாலரை ஏர், சுமார் 11 சென்ட். புதிய அமைப்பில் ஹெக்டேராக எழுதினால் 0.0450 என்று வர வேண்டும். இரண்டு பகுதியையும் சும்மா ஒட்டவைத்து 0.450 என்று எழுதிவிட்டால் அது 45 ஏர், அதாவது சுமார் 111 சென்ட். ஒரு பூஜ்யம் விட்டுப்போனதில் 11 சென்ட் நிலம் ஒரு ஏக்கருக்கு மேல் ஆகிவிட்டது!

3. உறவு அறுந்துவிடும். பட்டா எண் ஓர் அட்டவணையில், உரிமையாளர் பெயர் இன்னொன்றில் இருக்கும். உரிமையாளரே இல்லாத பட்டாவும் பட்டாவே இல்லாத உரிமையாளரும் பழைய கோப்பில் ஒளிந்திருப்பார்கள். மேஜைக் கணினி அதைக் கேள்வி கேட்டிருக்காது. பெரிய தரவுத்தளம் "இந்தப் பட்டா எண்ணுக்கு ஆளே இல்லையே" என்று வாசலிலேயே நிறுத்தும். இது தொந்தரவாகத் தெரியும். உண்மையில் பல வருஷப் பிழையைக் கண்டுபிடித்துக் கொடுக்கும் உதவி அது.

4. தமிழ் எழுத்து குழம்பிவிடும். நம்ம கௌரியின் சிக்கல் இங்கேதான்.

கௌரிக்கு என்ன ஆனது?

ஆரம்ப காலத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவுக்கும் ஒரு குறியீட்டு முறை இருந்தது. ஒரு கணினியில் அடித்த தமிழ், வேறு எழுத்துரு இருக்கும் கணினியில் வெறும் கிறுக்கலாகத் தெரியும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்ற தரங்களைத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. 2010-இல் கோவை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டின்போது யூனிகோட் அரசுப் பயன்பாட்டுக்கான தரமாக வந்தது. ஆக, பழைய பதிவுகளை யூனிகோடுக்கு மாற்ற வேண்டியிருந்தது.

இது வெறும் எழுத்துக்கு எழுத்து மாற்றும் வேலை இல்லை. பழைய முறையில் "கொ" என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி ஒற்றைக்கொம்பு, க, கால் என்று மூன்று துண்டாகச் சேமிக்கப்பட்டது. யூனிகோடில் முதலில் க, பிறகு ஒ-வின் குறி. வரிசையையே திருப்பி அடுக்க வேண்டும்.

"கௌ" இன்னும் சிக்கல். அதன் கடைசியில் வரும் குறி பார்க்க "ள" மாதிரியே இருக்கும். அதனால் "கெ" அடித்து, பக்கத்தில் "ள" அடித்துவிடுவது பலருக்கும் பழக்கம். கௌரி, கெளரி - திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். கணினிக்கோ முதலாவது கௌ-ரி என்ற இரண்டெழுத்துப் பெயர், இரண்டாவது கெ-ள-ரி என்ற மூன்றெழுத்துப் பெயர். ஆதாரில் ஒன்று, பட்டாவில் மற்றொன்று இருந்தால் "வேறு ஆள்" என்றுதான் அது சொல்லும்.

உங்க போனிலேயே சோதிக்கலாம். குறிப்பு எழுதும் செயலியில் பெயரை இரண்டு விதமாகவும் அடியுங்கள். கடைசியில் உள்ள "ரி"யை அழியுங்கள். பிறகு இன்னும் ஒரே ஒரு தடவை அழியுங்கள். "கெ" மிஞ்சினால் அது தவறாக அடித்த பெயர். கௌசல்யா, சௌந்தரராஜன், மௌனிகா, பௌர்ணமி - இந்த வகைப் பெயர் உள்ளவர்கள் எல்லாரும் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. "ா" என்ற கால் வர வேண்டிய இடத்தில் "ர" அடிப்பதும் இதே மாதிரி கண்ணை ஏமாற்றும் பிழைதான்.

முறையான இடமாற்றம் எப்படி நடக்க வேண்டும்?

முதலில் கணக்கெடுப்பு: என்னென்ன கோப்புகள், யார் யார் பயன்படுத்துகிறார்கள், எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று பட்டியல் போட வேண்டும்.

இரண்டாவது சுத்தம் செய்தல்: இரட்டைப் பதிவு, வெற்றுக் கட்டம், எழுத்துப் பிழை எல்லாம் பழைய இடத்திலேயே சரிசெய்ய வேண்டும். குப்பையை ஏற்றினால் புது வீட்டிலும் அதே குப்பைதான்.

மூன்றாவது பொருத்தம்: பழைய கட்டம் ஒவ்வொன்றும் புதிய அட்டவணையில் எங்கே, எந்த வகையில் போகும் என்று எழுதிவைக்க வேண்டும்.

நான்காவது ஒத்திகை: நகலை வைத்து ஏற்றிப் பார்த்து மூன்று வகையில் சரிபார்க்க வேண்டும். பதிவுகளின் எண்ணிக்கை ஒன்றா? ஒரு கிராமத்தின் மொத்தப் பரப்பு பழையதிலும் புதியதிலும் ஒன்றா? எதேச்சையாக எடுத்த சில பதிவுகள் மூலப் பேரேட்டோடு ஒத்துப்போகின்றனவா? எண்ணிக்கை மட்டும் பார்த்தால் மேலே சொன்ன 11 சென்ட் பிழை தப்பிவிடும். மொத்தப் பரப்பைக் கூட்டினால்தான் அது மாட்டும்.

ஐந்தாவது மாறும் நாள்: பழையதில் எழுதுவதை நிறுத்தி, கடைசி நகல் எடுத்து, புதியதைத் திறக்க வேண்டும். சரிவரவில்லை என்றால் பழையதற்கே திரும்பும் வழியும் கையில் இருக்க வேண்டும்.

இந்தக் கடைசிப் படி எவ்வளவு முக்கியம் என்பதை 2018 ஏப்ரலில் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி காட்டியது. சுமார் 50 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளை ஒரே வார இறுதியில் புதிய அமைப்புக்கு மாற்றினார்கள். தரவு சரியாகவே போய்ச் சேர்ந்தது. ஆனால் புதிய அமைப்பில் உடனே தொழில்நுட்பக் கோளாறுகள் வந்தன. பலர் தங்கள் பணத்தையே எடுக்க முடியாமல் தவித்தார்கள். 2022-இல் கட்டுப்பாட்டு அமைப்புகள் 4 கோடியே 86 லட்சத்து 50 ஆயிரம் பவுண்டு அபராதம் விதித்தன. தகவல் பத்திரமாகப் போனால் மட்டும் போதாது, கேட்ட நேரத்தில் கிடைக்கவும் வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது

கணினி எண்ணிக்கையைச் சரிபார்க்கும், கூட்டுத்தொகையைச் சரிபார்க்கும். "இது எங்க அப்பா பெயர்தானா?" என்பதை உங்களால் மட்டும்தான் சரிபார்க்க முடியும். ஆகவே:

• வருஷத்துக்கு ஒரு தடவையாவது அரசின் நில ஆவண இணையதளத்தில் உங்க பட்டாவைத் திறந்து பாருங்கள்.
• பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், புல எண், உட்பிரிவு எண், பரப்பு - இந்த ஐந்தையும் கையில் உள்ள பத்திரத்தோடு ஒப்பிடுங்கள். பழைய பத்திரத்தில் ஏக்கர், சென்ட் இருக்கும். சென்ட் அளவை 2.47-ஆல் வகுத்தால் ஏர் கிடைக்கும். ஒரு ஏக்கர் என்றால் சுமார் 40.5 ஏர்.
• தேடும்போது நிலம் வரவில்லை என்றால் பயப்பட வேண்டாம். பழைய வட்டத்துக்குப் பதில் இப்போதைய வட்டத்தைத் தேர்வு செய்து பாருங்கள்.
• பிழை தெரிந்தால் பட்டா நகல், பத்திர நகல், ஆதார் ஆகியவற்றோடு முதலில் கிராம நிர்வாக அலுவலரைப் பாருங்கள். பிறகு வட்டாட்சியருக்கு எழுத்துப்பூர்வமாக மனு கொடுங்கள். ஜமாபந்தியிலும் மனு கொடுக்கலாம். மனுவில் "பெயர் தவறு" என்று மட்டும் எழுதாமல், "கெ, ள என்று தனித்தனியாக உள்ளது, கௌ என்று இருக்க வேண்டும்" என்று விளக்கமாக எழுதுங்கள். மனு எண்ணைக் குறித்துவையுங்கள்.
• பதில் தாமதமானால் 1100 என்ற முதல்வரின் முகவரி உதவி எண் இருக்கிறது.

சங்கம், சுய உதவிக் குழு, கடை என்று நீங்களே எக்ஸெலில் கணக்கு வைத்திருப்பவர் என்றால் இன்னும் இரண்டு விஷயம். எண் போலத் தெரிந்தாலும் கூட்டவோ கழிக்கவோ தேவையில்லாத எதையும் "எழுத்து" வகையில் வையுங்கள். வாரம் ஒரு நகல் வேறு இடத்தில் இருக்கட்டும். நாளைக்குப் பெரிய அமைப்புக்கு மாறும்போது பாதி வேலை மிச்சம்.

நம்ம கௌரி விஷயத்துக்கு வருவோம். அவர் பெயரில் தவறு செய்ய வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. எப்போதோ ஒருவர் அவசரத்தில் அடித்த ஓர் எழுத்து, அதைச் சரிபார்க்கத் தெரியாத ஒரு கோப்பு, அப்படியே ஏற்றிய ஓர் இடமாற்றம் - அவ்வளவுதான். அதைச் சரிசெய்ய ஒரு மனு போதும். ஆனால் பிழை இருப்பது தெரிந்தால்தானே மனு கொடுக்க முடியும்? கடன் வாங்கப் போகும் அன்றைக்கு அது தெரிய வருவதை விட, இன்று சாயங்காலம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கும்போது தெரிவது நல்லது. போன் கையில்தானே இருக்கிறது, ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

சொல் அறிவோம்

தரவுத்தளம் - ஒழுங்காக அடுக்கிவைத்த தகவல் தொகுப்பு.
முதன்மைத் திறவுகோல் - ஒரு பதிவை மற்ற எல்லாவற்றிலிருந்தும் பிரித்துக் காட்டும் எண் அல்லது எண்களின் சேர்க்கை.
பரிவர்த்தனை - முழுதாக நடக்க வேண்டிய, அல்லது நடக்கவே கூடாத மாற்றங்களின் கட்டு.
யூனிகோட் - உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி எண் கொடுக்கும் பொதுத் தரம்.
ஒத்திகை ஏற்றம் - உண்மையான மாற்றத்துக்கு முன் நகலை வைத்துச் செய்துபார்க்கும் சோதனை.